கேட்பதற்காகவே எழுதப்பட்ட ஒரு கதை

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலைக் கல்லூரி நாள்களில் நான் தனியாக வாசித்தபோது, அது எனக்கு ஒரு நல்ல சாகசக் கதையாக மட்டுமே தெரிந்தது. ஏழு வயது மகளுக்கு அதை இரவுதோறும் உரக்க வாசித்துக் காட்டத் தொடங்கிய பிறகு, வேறொரு புத்தகத்தைத் திறந்துவிட்டோமோ என்று எண்ணும் அளவுக்கு அது மாறிப்போயிற்று. வாக்கியங்கள் எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது முன்பே கணக்கிடப்பட்டிருந்தது போலவும், கேட்பவர் எந்த இடத்தில் குறுக்கிடுவார் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருந்தது போலவும் தோன்றியது. மூல ஆங்கிலத்திலேயே வாசித்தேன். அவளுக்குப் பிடிபடாத வாக்கியங்களை அங்கங்கே தமிழில் சொல்லிவிட்டு மேலே போனேன். அதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

அந்தப் புத்தகம் பிறந்த விதத்தைப் பார்த்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலோ-சாக்ஸன் மொழிப் பேராசிரியராக இருந்த டோல்கீன், 1930களின் தொடக்கத்தில் இந்தக் கதையை எழுதியபோது அதைத் தம் மகன்களுக்கு வாசித்துக் காட்டிவந்தார். குளிர்கால மாலைகளில் தேநீருக்குப் பிறகு ஜான், மைக்கேல், கிறிஸ்டோபர் மூவரும் கேட்க அவர் வாசித்ததை, 1937ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதிய கடிதத்தில் கிறிஸ்டோபரே குறிப்பிட்டிருக்கிறார். கடைசி அத்தியாயங்கள் அப்போது கரடுமுரடாகவே எழுதப்பட்டிருந்தன என்றும், தட்டச்சுகூடச் செய்யப்படவில்லை என்றும் அதே கடிதம் சொல்கிறது.

நாவலின் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்புக்கு 1987இல் எழுதிய முன்னுரையில் கிறிஸ்டோபர் இன்னொரு நிகழ்ச்சியையும் பதிவு செய்திருக்கிறார். (பில்போ கதையின் நாயகன், தோரின் அவனோடு பயணம் போகும் குள்ளர்களின் தலைவன்.) சென்ற முறை பில்போவின் வாசல் கதவு நீல நிறம் என்றும் தோரினின் தொப்பியில் இருந்தது தங்கக் குஞ்சம் என்றும் சொன்னீர்களே, இப்போது கதவு பச்சை என்றும் குஞ்சம் வெள்ளி என்றும் வாசிக்கிறீர்களே என்று, நான்கைந்து வயதுச் சிறுவனாக இருந்த அவர் தந்தையை இடைமறித்திருக்கிறார். தந்தை ஏதோ முணுமுணுத்தபடி எழுந்து சென்று, அறையின் மறுபக்கத்தில் இருந்த மேசையில் அதைக் குறித்து வைத்துக்கொண்டாராம். நாம் இன்று வாசிக்கும் புத்தகத்தில் கதவு பச்சையாகவும் குஞ்சம் வெள்ளியாகவுமே இருக்கின்றன. கையெழுத்துப் பிரதி பதிப்பாளரான ஸ்டான்லி அன்வினிடம் சென்றபோதும் அதைத் தீர்மானித்தது ஒரு குழந்தைதான். அவருடைய பத்து வயது மகன் ரேனர் அதை வாசித்து, வரைபடங்கள் இருந்தால் படங்களே தேவையில்லை என்றும், 5 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகள் அனைவருக்கும் பிடிக்கும் என்றும் 1936 அக்டோபரில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்து, அதற்குக் கூலியாக ஒரு ஷில்லிங் பெற்றுக்கொண்டான். மறு ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி புத்தகம் வெளிவந்தது. முதலில் அச்சான 1,500 பிரதிகளும் அந்த ஆண்டு முடிவதற்குள் விற்றுப்போயின.

குழந்தையின் செவிக்கு முன்னால் ஒரு கதை எத்தனை கவனமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதை முதல் அத்தியாயத்திலேயே கண்டேன். ஹாபிட் என்ற சிற்றுருவ இனத்தைச் சேர்ந்த பில்போ பேகின்ஸின் வீட்டுக்கு, அவன் அழைக்காமலேயே பதின்மூன்று குள்ளர்கள் வந்து சேருகிறார்கள். டிராகன் ஒன்று பறித்துக்கொண்ட தங்கள் புதையலை மீட்கும் பயணத்துக்கு அவனையும் கூட்டிப்போக வந்தவர்கள் அவர்கள். பதின்மூன்று பெயர்கள், பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதுகையாக ஒலிக்கும் பெயர்கள். பெரும்பாலும் பழைய நார்ஸ் மொழிக் கவிதையான 'வோலுஸ்பா'விலிருந்து டோல்கீன் எடுத்துக்கொண்ட பெயர்கள் அவை. மௌனமாக வாசிப்பவர் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. குழப்பம் வந்தால் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார். கேட்கும் குழந்தையால் பக்கத்தைப் புரட்ட முடியாது. ஆகவே முதலில் ஒருவர், பிறகு ஒருவர், பிறகு இருவர், பிறகு ஐவர், கடைசியில் நால்வர் என்று வாசல் மணி ஒலிக்க ஒலிக்க வருகிறார்கள். ஒவ்வொருவரின் முக்காட்டுத் தொப்பிக்கும் ஒரு நிறம் உண்டு. த்வாலினுக்குக் கரும்பச்சை, பாலினுக்குச் சிவப்பு, இளையவர்களான கீலிக்கும் ஃபீலிக்கும் நீலம், தோரினுக்கு வானத்து நீலத்தில் வெள்ளிக் குஞ்சம். வந்தவர்கள் தொப்பிகளை வரிசையாகக் கொக்கிகளில் மாட்டுகிறார்கள். முதல் இரவு வாசித்து முடித்ததும் என் மகள் அந்தத் தொப்பிகளை நிறவாரியாக ஒப்பித்தாள். பெயர்கள் பல அவளுக்கு நினைவில் இல்லை. நிறங்கள் அனைத்தும் நினைவில் இருந்தன. அதன் பிறகு புத்தகம் முடியும் வரை அவள் குள்ளர்களை அப்படித்தான் அடையாளம் வைத்துக்கொண்டாள்.

இந்த நாவலின் கதைசொல்லி அடிக்கடி நம் பக்கம் திரும்பிப் பேசுகிறார். ஹாபிட் என்றால் யார் என்று சொல்வதற்காகக் கதையை நிறுத்துகிறார். இதை நீங்கள் ஏற்கெனவே ஊகித்திருப்பீர்கள் என்கிறார். அதைப் பிறகு சொல்கிறேன் என்று தள்ளிப் போடுகிறார். டோல்கீனுக்குப் பிற்காலத்தில் இந்தக் குரல் பிடிக்காமல் போயிற்று. தமக்குச் சிறு வயதில் கொடுக்கப்பட்ட கதைகளிலிருந்து யோசிக்காமல் ஒட்டிக்கொண்ட அசட்டுத்தனம் அது என்ற பொருளில் 1955இல் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனுக்கு எழுதினார். 1960இல் நாவலை முழுவதும் வேறு தொனியில் திருத்தி எழுதவும் தொடங்கினார். பயணிகள், எல்ஃப் என்ற தேவதை இனத்தார் வாழும் ரிவெண்டெல் போய்ச் சேரும் இடத்தோடு அந்த முயற்சி கைவிடப்பட்டது. அவர் கைவிட்டது நமக்குக் கிடைத்த பெரிய கொடை என்றே நான் கருதுகிறேன். எழுதியவரின் தீர்ப்பை மறுத்துப் பேசத் தயக்கம் இருந்தாலும், அந்தக் குரலை உரக்க வாசித்துப் பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். தாளில் சற்றே செயற்கையாகத் தெரியும் அந்த இடைச்செருகல்கள், வாசிப்பவரின் வாயில் வந்தவுடன் முற்றிலும் இயல்பாகிவிடுகின்றன. கதைசொல்லி 'நீங்கள்' என்று சொல்லும்போது நான் மகளைப் பார்த்தேன். அவள் பதில் சொன்னாள். உம் கொட்டுவதற்கென்று இடம் விட்டு எழுதிய உரைநடை அது.

குரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் முரட்டுப் பூதங்களான மூன்று ட்ரோல்கள் குள்ளர்களைப் பிடித்துச் சாக்குகளில் கட்டிவைத்துவிட்டு, எப்படிச் சமைக்கலாம் என்று விவாதிக்கின்றன. விவாதம் முடியும் தருணத்திலெல்லாம் யாரோ ஒருவர் ஒரு வார்த்தை சொல்லி மீண்டும் சண்டையைக் கிளப்புகிறார். பொழுது விடிந்து மூன்றும் கல்லாகச் சமைந்த பிறகுதான், மந்திரவாதி கான்டால்ஃப் மறைந்து நின்று அவர்களுடைய குரல்களில் பேசியிருக்கிறார் என்பது தெரியவருகிறது. உரக்க வாசிப்பவர் இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கான்டால்ஃபுக்கு நாம் கொடுத்துவைத்திருக்கும் குரலின் சாயல் சிறிதளவு எட்டிப் பார்த்தாலும் ரகசியம் உடைந்துவிடும். நான் ஒவ்வொரு ட்ரோலுக்கும் ஒரு கரடுமுரடான குரலை வைத்துக்கொண்டு, கான்டால்ஃப் பேசும் வரிகளையும் அதே குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் வாசித்தேன். சூரியன் உதித்து உண்மை வெளிப்பட்டபோது மகள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, முதல்லேருந்து வாசி, எது எது அவரோடதுன்னு நான் சொல்றேன்" என்றாள். திரும்ப வாசித்தேன். அவள் சரியாகவே சொன்னாள்.

ஐந்தாம் அத்தியாயம்தான் இந்த நாவலின் உயிர். மலைக்கு அடியில், இருட்டில், நிலத்தடி ஏரி ஒன்றின் கரையில் பில்போவும் கொல்லம் என்ற உயிரினமும் விடுகதை போட்டுக்கொள்கிறார்கள். பில்போ வென்றால் வெளியே போக வழி காட்டப்படும், தோற்றால் தின்னப்படுவான். தொண்டையில் எதையோ விழுங்குவது போல எழுப்பும் ஓசையாலேயே அந்த உயிரினத்துக்குப் பெயர் வந்ததாகக் கதை சொல்கிறது. அந்த ஓசையைத் தாளில் பார்ப்பதற்கும் இருளில் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு சொல்லி மாளாது. 1952 ஆகஸ்டில் மால்வர்ன் நகரில் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தபோது டோல்கீன் இந்த அத்தியாயத்தை ஒலிப்பதிவுக் கருவி முன் தாமே வாசித்திருக்கிறார். பின்னாளில் அது இசைத்தட்டாகவும் வெளிவந்தது. அதில் அவர் கொல்லத்தின் குரலை ஓங்கி எழுப்பவில்லை. சீறலும் கெஞ்சலுமாக, தன்னோடு தானே பேசிக்கொள்ளும் ஒருவரின் குரலாக வைத்திருக்கிறார். அதைக் கேட்ட பிறகு நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அச்சம் கூடியது, அதோடு கொல்லத்தின் மேல் ஓர் இரக்கமும் சேர்ந்து வந்தது.

ஒவ்வொரு விடுகதையையும் வாசித்தவுடன் புத்தகத்தை மூடிவிடுவது என்று வைத்துக்கொண்டோம். மலை, பற்கள், காற்று, சூரியன், இருள், முட்டை, மீன் என்று விடைகள் வருகின்றன. பற்களையும் முட்டையையும் அவள் உடனே கண்டுபிடித்தாள். இருள் என்ற விடை அவளுக்குப் பிடிபடவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அந்த விடுகதையை மறுபடி சொன்னவுடன் பிடிபட்டது. வீட்டில் சுகமாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு விடை எளிதாகத் தெரியலாம், தின்னப்படும் அபாயம் உங்களுக்கு இல்லையே என்று கதைசொல்லி ஓரிடத்தில் சொல்கிறார். அந்த வரியில் அவள் போர்வைக்குள் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

கடைசிக் கேள்வியில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. கொல்லம் தொலைத்துவிட்ட, அணிபவரை மறைக்கும் மோதிரம் ஒன்று பில்போவின் கைக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது. தன் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று பில்போ தனக்குத்தானே முணுமுணுக்க, அதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு கொல்லம் தோற்றுப்போகிறது. அது விடுகதையே கிடையாது, பில்போ செய்தது தப்பு என்று மகள் உறுதியாகச் சொன்னாள். பழைய விதிகளின்படி அது உண்மையான விடுகதை ஆகாது என்று கதைசொல்லியும் ஒப்புக்கொள்கிறார் என்பதைக் காட்டினேன். அவளுக்கு அது போதவில்லை. கொல்லமும் விடை சொல்ல முயன்று பந்தயத்தை ஏற்றுக்கொண்டதே என்று நான் கேட்டதற்கு, பசியோடு இருப்பவர் எதையும் ஏற்றுக்கொள்வார் என்றாள். இந்த அத்தியாயம் 1937இல் வேறு விதமாக இருந்தது. முதல் பதிப்பில் கொல்லம் பந்தயப் பொருளாக மோதிரத்தையே தருவதாக ஒப்புக்கொள்ளும். அது தொலைந்துபோயிற்று என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டு, பதிலாக வழி காட்டி வெளியே அனுப்பிவைக்கும். இதன் தொடர்ச்சியாகப் பிற்காலத்தில் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலுக்கு இது பொருந்தாததால் 1951இல் வந்த இரண்டாம் பதிப்பில் டோல்கீன் மாற்றி எழுதினார். பழைய வடிவம், பில்போ மற்றவர்களிடம் சொன்ன பொய்யான விவரம் என்று பிறகு கதைக்குள்ளேயே விளக்கமும் தந்தார். இதை அவளிடம் சொன்னபோது, பில்போ தன் மனசாட்சி உறுத்தியதால்தான் பொய் சொல்லியிருப்பான் என்று அவள் ஒரே நொடியில் முடிவு கட்டினாள்.

திருத்தத்தில் சேர்ந்த இன்னொரு பகுதியைத்தான் நான் குழந்தைகளுக்கு மிகவும் வாசித்துக் காட்ட விரும்புவேன். மோதிரத்தால் மறைந்து நிற்கும் பில்போவின் கையில் வாள் இருக்கிறது. வழியை மறித்துக் குந்தியிருக்கும் கொல்லத்திடம் ஆயுதம் இல்லை. வெளிச்சமோ நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையோ இல்லாமல் கழியும் அதன் நாள்கள் முழுவதையும் பில்போ ஒரு கணத்தில் உணர்ந்துவிட்டு, குத்தாமல், அதன் தலைக்கு மேலாகத் தாவி ஓடிவிடுகிறான். சில வரிகள்தான். அவற்றை அவசரமில்லாமல் வாசித்தேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

பாடல்களுக்கு மெட்டுப் போட வேண்டும் என்பது மகளின் நிபந்தனை. தட்டுகளை உடைக்கப்போவதாகப் பயமுறுத்திக் குள்ளர்கள் பாடும் பாட்டுக்கு எந்த மெட்டும் பொருந்தும். தொலைந்துபோன தங்கத்தையும் பனிமூடிய மலைகளையும் நினைத்து இருட்டில் அவர்கள் பாடும் பாட்டு அப்படியல்ல. வீட்டை விட்டு நகர விரும்பாத பில்போவுக்குள் பயண ஆசையை முதன்முதலில் எழுப்புவது அந்தப் பாட்டு. அது சரியாக ஒலிக்காவிட்டால் பில்போ ஏன் கிளம்பினான் என்பதே குழந்தைக்கு விளங்காது. கீழ்ச்சுருதியில் மெதுவாக ஒரு மெட்டைப் பிடித்தேன். அதன் பிறகு அந்த மெட்டில் ஓர் ஏற்ற இறக்கம் மாறினாலும் அவள் விடவில்லை. ரிவெண்டெல்லில் எல்ஃப்கள் பாடும் கேலிப் பாட்டு மட்டும் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. அதை வேகமாகக் கடந்துவிட்டோம்.

ஏழாம் அத்தியாயம் எனக்குப் புதிய கண்டுபிடிப்பு. மனிதனாகவும் கரடியாகவும் உருமாறும் பியோர்ன், விருந்தினர்களை விரும்பாதவர், எளிதில் சினம் கொள்பவர். அவருடைய வீட்டுக்குக் கான்டால்ஃப் முதலில் பில்போவை மட்டும் அழைத்துச் செல்கிறார். மற்றவர்கள் ஐந்து நிமிட இடைவெளியில் இருவர் இருவராக வர வேண்டும் என்பது ஏற்பாடு. மலையில் நடந்த சண்டையின் கதையைக் கான்டால்ஃப் பியோர்னிடம் சொல்லத் தொடங்குகிறார். கதையில் தம்மோடு வந்தவர்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிறார். பியோர்ன் குறுக்கிட்டு எண்ணிக்கை தவறு என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் வாசலில் இரண்டு குள்ளர்கள் வந்து நிற்கிறார்கள். பருமனான பாம்பர் தன் முறைக்குக் காத்திராமல் முந்தியவர்களோடு சேர்ந்தே வந்துவிடுகிறார். கதை சுவாரசியமான கட்டத்தில் இருப்பதால் பியோர்னுக்கு அவர்களை விரட்ட மனம் வருவதில்லை. பதினைந்து பேரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

தொடர்ந்து கேட்க வேண்டும் என்ற ஆசையை ஒரு முரட்டு மனிதர் மேல் எப்படிக் கட்டி எழுப்புவது என்பதை இந்த அத்தியாயம் செய்தே காட்டுகிறது. எங்கள் அறையிலும் அதுவே நடந்துகொண்டிருந்தது. மகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பியோர்னுக்கு முன்பே தந்திரத்தைக் கண்டுகொண்டாள். முதல் அத்தியாயத்தில் பில்போவிடமும் கான்டால்ஃப் இப்படித்தானே ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் நுழைத்தார் என்றும் சொன்னாள். நான் தனியாக வாசித்தபோது இந்த ஒற்றுமை எனக்குத் தோன்றியதே இல்லை.

மிர்க்வுட் காட்டைக் கடக்கும் எட்டாம் அத்தியாயம் மிக நீளமானது. ஒரே மூச்சில் வாசிக்க முடியாது. மந்திர ஓடையில் பாம்பர் விழுந்து உறங்கிப்போகும் இடம் நிறுத்துவதற்கு நல்ல இடம். சிலந்திகள் வரும் பகுதியைத் தூங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளாமல் பகலில் வாசித்தோம். பகலிலும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டிராகனைப் பற்றிய அச்சம் வேறு விதமாக வந்தது. ஸ்மாக் என்ற அந்த டிராகன் புதையல் குவியலின் மேல் படுத்திருப்பதைக் கேட்ட இரவில், இதெல்லாம் நிஜமா என்று அவள் கேட்டாள். 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையின் அச்சு வடிவத்தில், குழந்தைகளின் இந்தக் கேள்வியைப் பற்றி டோல்கீன் பேசுகிறார். அப்படிக் கேட்கும் குழந்தை பெரும்பாலும் தெரிந்துகொள்ள விரும்புவது, இது இக்காலத்தில் நடப்பதா, தான் படுக்கையில் பத்திரமாக இருக்கிறோமா என்பதைத்தான் என்றும், இன்று இங்கிலாந்தில் டிராகன் ஏதும் இல்லை என்ற பதிலே அதற்குப் போதும் என்றும் அவர் கருதினார். அவரைப் பின்பற்றி, இப்போது எங்கும் டிராகன் கிடையாது என்று மட்டும் சொன்னேன். அது வெறும் கற்பனை என்று சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதி வந்திருக்கும், கதை போயிருக்கும். அவளுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

சுரங்கப் பாதையில் பில்போ தனியாக இறங்கும் இடத்தில், டிராகனின் மூச்சொலி கேட்டு அவன் நின்றுவிடுகிறான். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்ததுதான் அவன் வாழ்வில் செய்த ஆகப் பெரிய வீரச்செயல், அதன் பிறகு நடந்த பெரிய நிகழ்ச்சிகள்கூட அதற்கு ஈடில்லை என்று கதை சொல்கிறது. டிராகனை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, போர் நடக்கவில்லை, அருகில் பார்ப்பவர் யாருமில்லை. வீரம் என்றால் வாள்வீச்சு என்று எண்ணும் வயதில் இருக்கும் குழந்தைக்கு இந்த வரி கிடைப்பது பெரிய செல்வம்.

அதனால்தானோ என்னவோ, ஸ்மாகைக் கொல்வது பில்போ இல்லை என்பதை அவளால் முதலில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏரி நகரத்தின் வில்லாளியான பார்ட், அதுவரை நாம் பெயர்கூட அறிந்திராதவர், ஒற்றைக் கறுப்பு அம்பினால் டிராகனை வீழ்த்துகிறார். "யாரு இவரு? இவரு ஏன் கொல்லணும்?" என்று கோபமாகக் கேட்டாள். சில பக்கங்கள் பின்னால் போய், டிராகனின் இடது மார்பில் கவசமில்லாத இடத்தைப் பேச்சுக் கொடுத்துக் கண்டுபிடித்தது பில்போதான் என்பதையும், அவன் அதைச் சொல்லக் கேட்ட பறவை பார்ட்டிடம் போய்ச் சொன்னதையும் மறுபடி வாசித்தோம். பாதிச் சமாதானம்தான் ஆனாள். பெரிய காரியம் ஒன்றில் நம் பங்கு எங்கோ நடுவில் இருக்கும், முடித்துவைப்பவர் வேறொருவராக இருப்பார் என்பது பெரியவர்களுக்கே எளிதில் செரிப்பதில்லை.

கதையின் கடைசிப் பகுதியைக் குழந்தைக்கு வாசிப்பது கடினம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். டிராகன் இறந்தவுடன் கதை முடிந்துவிட்டது போலத் தோன்றும். பிறகு வருவது புதையலுக்கான பேரமும் முற்றுகையும் போரும். எங்களுக்கு இந்தப் பகுதியில்தான் பேச்சு அதிகம் நடந்தது. தோரின் எல்லாவற்றுக்கும் மேலாக விரும்பும் ஆர்க்கன்கல்லைப் பில்போ கண்டெடுத்து மறைத்து வைத்துக்கொள்கிறான். தோரின் பேராசையில் இறுகி யாருக்கும் எதுவும் தர மறுத்து, போர் மூளும் நிலை வந்தபோது, இரவில் சுவரைத் தாண்டிப் போய் எதிரணியில் நிற்கும் பார்ட்டிடமும் எல்ஃப் அரசரிடமும் அந்தக் கல்லைக் கொடுத்துவிடுகிறான். அதை வைத்துப் பேரம் பேசிப் போரைத் தடுக்கட்டும் என்பது அவன் எண்ணம்.

இது திருட்டா என்பது முதல் கேள்வி. பதினான்கில் ஒரு பங்கு அவனுக்கு உண்டு என்று ஒப்பந்தம் இருக்கிறதே, அந்தக் கல்லையே தன் பங்காக அவன் எடுத்துக்கொண்டிருக்கலாமே என்றேன். சொல்லாமல் எடுத்தால் அது பங்கு ஆகாது என்றாள். இது துரோகமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு அவளுக்கு உடனே பதில் வரவில்லை. கல்லைக் கொடுத்த பிறகு அங்கேயே பத்திரமாகத் தங்கிவிடலாம் என்று எல்ஃப் அரசர் சொன்னதையும் மறுத்துவிட்டு, உண்மை தெரிந்தால் தன்னை என்ன செய்வார்களோ என்ற நிலையிலும் பில்போ குள்ளர்களிடமே திரும்பிப் போகிறான் என்பதுதான் அவளை உலுக்கியது. "தப்பு பண்ணினவங்க திரும்பி வர மாட்டாங்க இல்ல?" என்று மறுநாள் காலையில், வேறு எதையோ செய்துகொண்டிருக்கும்போது கேட்டாள். எழுதியவரும் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆகவே நானும் சொல்லவில்லை. உரக்க வாசிக்கும்போது நமக்கு வரும் பெரிய சோதனை, இந்த மாதிரி இடத்தில் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டுப் பாடம் நடத்தத் தோன்றுவதுதான். கதை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது நாம் பேசினால், குழந்தை நம் முகத்தில் விடையைத் தேடத் தொடங்கிவிடும்.

ஐந்து படைகளின் போரில் பில்போவின் தலையில் ஒரு கல் பட்டு அவன் மயங்கிவிடுவதால், போரின் முடிவை நாமும் பார்ப்பதில்லை. கண் விழித்த பிறகு அவன் தோரினின் மரணப் படுக்கைக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். தோரின் தன் கடுஞ்சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பொன்னைக் குவித்து வைப்பதைவிட உணவையும் மகிழ்ச்சியையும் பாட்டையும் மதிப்பவர்கள் நம்மில் மிகுந்திருந்தால் உலகம் இன்னும் இனிமையாக இருந்திருக்கும் என்ற பொருளில் பேசி விடைபெறுகிறான். இந்த இடத்தை மென்மையாக்கி வாசிக்கலாமா என்று முன்கூட்டியே யோசித்திருந்தேன். மாற்றாமல் வாசித்தேன். பில்போ தனியாக உட்கார்ந்து கண் சிவந்து குரல் கம்மும் வரை அழுதான் என்று புத்தகமே சொல்லும்போது, அழுகைக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அதைவிடக் கடினமாக இருந்தது சற்றுப் பின்னால் வரும் ஒரே ஒரு வாக்கியம். ஃபீலியும் கீலியும் தங்கள் தாய்மாமனான தோரினைக் கேடயத்தாலும் உடலாலும் காத்து நின்று மடிந்தார்கள் என்று, போகிற போக்கில் சொல்வது போல அது வருகிறது. கண்ணால் வாசித்தபோது அதை நான் எளிதில் கடந்திருந்தேன். "அந்த நீலத் தொப்பிக்காரங்களா?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று அதற்கு மேல் வாசிக்கவில்லை.

பில்போ ஊர் திரும்பும் கடைசி அத்தியாயம் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவன் இறந்துவிட்டதாக முடிவு செய்து, அவன் வீட்டுச் சாமான்களை ஊரார் ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். தன் சொந்தப் பொருள்கள் பலவற்றை அவனே விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக் கரண்டிகள் பல கடைசி வரை கிடைப்பதில்லை. ஸ்மாகின் மேல் வராத கோபம் அவளுக்கு அந்தக் கரண்டிகளை எடுத்துக்கொண்டவர்கள் மேல் வந்தது.

இதன் தொடர்ச்சியாக 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த பெரிய நாவலை அடுத்து வாசித்துக் காட்டுமாறு கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதை இப்போதைக்கு வாசிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அது இதைவிடச் சிறந்த நூலாகவே இருக்கலாம். ஆனால் அருகில் ஒரு குழந்தை படுத்திருக்கிறது என்ற நினைவோடு இடையிடையே திரும்பிப் பேசும் குரல் அதில் சீக்கிரமே மறைந்துவிடுகிறது. அதைப் பத்துப் பன்னிரண்டு வயதில், யாரும் குறுக்கே பேசாமல், அவளே தனியாக வாசித்துக்கொள்ளட்டும். அதுவரைக்கும் 'தி ஹாபிட்' நாவலையே மறுபடி தொடங்கலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இம்முறை கொல்லத்தின் வரிகளைத் தானே வாசிப்பதாக ஒப்பந்தம் கேட்டு வாங்கியிருக்கிறாள்.